கல்லுப் படிப்பும் தாய்வீட்டுப் பிரசவமும்

1

குடியாத்தம் பக்கத்து நம் சனங்களுக்கு, கோலார் தங்க வயல் சாம்பியன் ரீப்ஸ் லைனிலிருந்து முனுசாமி சொல்வது. எல்லோரும் இருக்கிறோம். மழை சுமார். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இப்போது குழாயில் வருகிறது.

இந்த வருஷம் கெங்கையம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் வந்த எங்கள் லைன்காரர் ஒருவர், அங்கே காதில் விழுந்ததை வந்து சொன்னார். "முனுசாமி தங்கம் தோண்டப் போயி முறைய பொதச்சிட்டான். மருமவள தலப் பிரசவத்துக்குத் தாய்வூட்டுக்கு அனுப்பாம புடிச்சி வெச்சிகினான்" என்று பேசிக்கொள்கிறீர்களாம். அலமேலுவைப் பெற்றவர்களைப் பார்த்தும் சிரித்தீர்களாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச வருஷமாகவே எதுவும் சட்டென்று வருவதில்லை. முதலில் சுரங்கத்துக்குள் சம்மட்டி அடித்தேன். பிறகு ஷாப்டு என்கிற சுரங்கக் கிணற்றின் வாயில் மணி அடிக்கிற வேலை. ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பேர். அது ஏற ஒரு மணி, இறங்க ஒரு மணி, ஆள் இருந்தால் வேறு மணி. அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து இரண்டு கையும் மரத்துவிட்டன. சூடான தம்ளரைப் பிடித்தால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சூடு தெரிகிறது. மனசும் அந்த மாதிரி ஆகியிருக்கலாம். ஆனாலும் சம்பந்தி வீட்டார் தலைகுனிய வேண்டியதில்லை. அதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லச் சொல்ல எழுதுகிறவன் என் மகன் ஏழுமலை. நான் பேசுவதை அச்சுத் தமிழாக மாற்றிக்கொள்கிறான். சண்டையில் பேசினதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். மாற்றினால் உங்களுக்கு யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது.

2

நான் இங்கே வந்தபோது கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற லைன் என்றால் மூங்கில் தட்டி, மேலே புல். காற்று அடித்தால் பக்கத்து வீட்டுக் கூரை நம் சோற்றில் விழும். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கால் போன பக்கம் போனோம். சிலர் பினாங்கு போனார்கள், சிலர் நேட்டால் போனார்கள். நான் கப்பல் ஏறப் பயந்து ரயில் ஏறினேன். அதனால் நான் தேசம் விட்டுப் போனவன் இல்லை என்று நினைத்திருந்தேன். அது தப்பு. குப்பம் தாண்டினால் ராஜா வேறு, சர்க்கார் கச்சேரி வேறு, பாஷை வேறு. ஊருக்கு வந்தால் என்னை மைசூரான் என்கிறீர்கள். இங்கே நான் மெட்ராஸ் சீமையான்.

கலியாணம் ஆகி என் சம்சாரம் பச்சையம்மா இங்கே வந்தாள். ஏழாம் மாசம் ஆனதும் மாட்டு வண்டி வைத்துப் பங்காருபேட்டைக்குக் கூட்டிப் போய் ரயில் ஏற்றினேன். முதல் பிரசவம் தாய்வீட்டில். அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. மழை பெய்தால் நனையுமா என்று யாராவது யோசிப்பார்களா? போனாள், பெற்றாள், பிள்ளைக்குத் தலை நின்றதும் திரும்பி வந்தாள். வழியில் எந்த இடத்தில் மைசூர் சீமை ஆரம்பிக்கிறது என்று ரயிலில் இருந்து பார்த்தால் தெரியாது. இந்தப் பக்கமும் பாறை, அந்தப் பக்கமும் பாறை. பிள்ளை பால் குடித்துக்கொண்டே எல்லையைத் தாண்டியது.

அந்தப் பிள்ளைதான் இதை எழுதுகிறவன்.

அதற்கப்புறம் பிறந்த இரண்டும் இங்கேயே பிறந்தன. இரண்டும் தங்கவில்லை.

3

ஊரில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாலே விரட்டுவார்கள். உங்களுக்குத் தெரியும். இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் உள்ளே உட்கார வைத்தார்கள். ஏழுமலை உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. மற்றப் பிள்ளைகள் கோலி ஆடினால் இவன் சுரங்கத்துக் கழிவு மேட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பான். உடைப்பான், நக்கிப் பார்ப்பான், சட்டையில் தேய்ப்பான். பச்சையம்மா துவைக்கும்போதெல்லாம் ஜேபியிலிருந்து கல் விழும்.

"இத்தினி கல்லு கீதே, தங்கம் மட்டும் இன்னாத்துக்கு நைனா அந்த வெள்ளக் கல்லுல மட்டும் வருது?" என்று ஒரு நாள் கேட்டான்.

"அத்த நான் கண்டுபுடிச்சிருந்தா கம்பெனி என்ன ஏன்டா மணி அடிக்க வெச்சிகினு இருக்குது?" என்றேன்.

கோலாருக்குப் போய் மெட்ரிகுலேஷன் படித்தான். பாஸ் பண்ணினான். ஞானமுத்து வாத்தியார், மிஷன் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர், வீட்டுக்கே வந்துவிட்டார். பெங்களூர் காலேஜில் கல்லையும் மண்ணையும் பற்றியே ஒரு படிப்பு இருக்கிறதாம். படித்து முடித்தால் மேலே போய் ஆராய்ச்சி பண்ணலாமாம். கல்லைப் பற்றி யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்து எழுதுவதாம்.

"காலேஜி சம்பளம் யார் கட்றது வாத்தியாரே?" என்றாள் பச்சையம்மா.

"அதுக்குத்தாம்மா ஸ்காலர்ஷிப். படிக்கிற பிள்ளைக்குப் பணம் குடுக்கறதுக்குன்னே அங்கங்க ஆளுங்க இருக்காங்க. நாம தேடிப் போகணும்."

அந்த வருஷம் கோடை முழுவதும் தேடினோம். நான் சுரங்கத்தில் தங்கத்தைத் தேடினதைவிட இதில் அதிகம் தேடினேன். முதலில் மிஷன் ஐயரிடம் போனோம். நல்ல மனிதர். வாழைப்பழம் கொடுத்து உட்கார வைத்தார். பணம் இருக்கிறது, ஆனால் ஞானஸ்நானம் வாங்கின குடும்பத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதைத் தன்னால் மாற்ற முடியாது என்றார். பச்சையம்மா யோசித்துவிட்டு, "சாமிய மாத்தினாதான் சோறுன்னா, ஒங்க சாமிக்கே அது சங்கடமா இருக்காதா ஐயரே?" என்றாள். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இன்னும் இரண்டு பழம் கொடுத்தார்.

வேலூரில் நம் சனத்துப் பிள்ளைகளுக்கு உதவுகிற சங்கம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். ரயில் ஏறிப் போனேன். அங்கே இருந்தவர் நான் பேசுவதைக் கேட்டதுமே, "எந்த ஊரு பெரியவரே? நடுவுல நடுவுல கன்னடம் வருதே" என்றார். சொன்னேன். "நீங்க மைசூரான் ஆயிட்டீங்களே. இது மெட்ராஸ் சீமையில குடியிருக்கிறவங்களுக்கு" என்றார். நான் பிறந்த மண்ணிலிருந்து ஒரு பகல் நடை தூரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அப்படிச் சொன்னார். திரும்பி ரயில் ஏறினேன்.

கடைசியில் ஞானமுத்து வாத்தியார்தான் ஒன்று கண்டுபிடித்தார். பெங்களூரில் ஒரு தனவந்தர் சாகும்போது எழுதி வைத்த தர்மம். காலேஜில் கல்லுப் படிப்புப் படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம், சாப்பாடு, பிறகு ஆராய்ச்சி பண்ணுகிற வரைக்கும் செலவு. சாதி கேட்கவில்லை, சாமி கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டது. பிள்ளை மைசூர் மண்ணில் பிறந்திருக்க வேண்டும்.

ஏழுமலை இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டான். பேனாவைத் துடைக்கிறான். துடைக்கட்டும். நான் வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறேன்.

4

பங்காருபேட்டை தாலூகா கச்சேரிக்கு வெளியே ஒரு புங்கமரம். அதன் கீழே ரங்கப்பா என்கிற மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருப்பார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

"இதுக்கா மொகத்தே இப்பிடி வெச்சிருக்கே? பையன் வளந்தது இங்கே, படிச்சது இங்கே. பொறந்ததும் இங்கேன்னு சொல்லிடு. இந்தத் தாலூகா அதிகாரி, அமல்தார், எழுதிக் குடுத்தா ஆயித்து. பிரசவம் பாத்த ஒரு பொம்மனாட்டிய கூட்டிண்டு வா. பெத்தவளயும் கூட்டிண்டு வா."

பிரசவம் பார்த்த பொம்மனாட்டிக்குக் கஷ்டமே இல்லை. எங்கள் லைனில் நரசம்மா இருந்தாள். தெலுங்குக்காரி. பாதி லைன் அவள் கையில்தான் பிறந்தது. கேட்டதும், "ஏழுமலதானே? என் கையிலதான் உழுந்தான். உழும்போதே என்ன ஒதச்சான். ரெட்டைச் சுழி. இன்னும் இன்னா வேணும், சொல்லு, சேத்துக்கறேன்" என்றாள்.

"சேக்காத. அதுவே போதும்" என்றேன்.

பச்சையம்மா ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிளம்புகிற அன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டாள். சம்மதம் என்று நினைத்தோம். ஏழுமலை தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு ரயிலில் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு மூட்டை. அதில் அவன் பொறுக்கின கல்லில் நல்லதாகப் பார்த்து வைத்திருந்தான். அமல்தார் கேட்டால் காட்டலாம் என்று.

அமல்தார் வெளித் தாழ்வாரத்துக்கு வந்தார். நாங்கள் மரத்தடியில் நின்றோம். நரசம்மா உதட்டை அசைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கேட்கவில்லை. நேரே பச்சையம்மாவைப் பார்த்தார்.

"மகு எல்லம்மா ஹுட்டித்து?" என்றார். பிறகு அவரே, "கொழந்தே எங்க பொறந்தது?" என்றார்.

"எங்கம்மா வூட்ல" என்றாள் பச்சையம்மா. "வேற எங்க பொறக்கும்?"

ரங்கப்பா இருமினார். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க அம்மா மனே எங்கே?"

"குடியாத்தம் பக்கம். எங்கம்மாதான் மருந்து எடிச்சா. எங்கம்மாதான் மொதத் தண்ணி ஊத்தனா."

அமல்தார் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. "நான் எங்கே பொறந்தேன் தெரியுமா? ஹோசூர்லே. எங்க அம்மாவோட தாய் மனே. அது மெட்ராஸ் சீமை. இந்தக் கச்சேரியிலே இருக்கறவா முக்கால்வாசிப் பேர் அப்பிடித்தான். இந்தத் தர்மத்துக்கு நானே மனு போட்டாலும் எனக்குக் கெடையாது. எழுதின புண்ணியவான் எல்லாத்தையும் யோசிச்சார், அவரைப் பெத்தவ எங்கே போய்ப் பெத்தான்னு மட்டும் யோசிக்கலே."

"அப்ப சாமி ஒரு வார்த்த..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பெத்தவ எதிர்லே நின்னு சொல்லியாச்சப்பா. இனிமே நான் மாத்தி எழுத முடியாது. தகப்பன் இத்தனை வருஷமா இங்கே இருக்கான்னு சேத்து எழுதறேன். அவங்க பாத்துக் குடுத்தா உண்டு."

நரசம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "அடி பாவி, காலையிலேர்ந்து மனப்பாடம் பண்ணிகினு வந்தேன். எல்லாம் பாழு" என்றாள்.

5

ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். ஏழுமலை மூட்டையை மடியிலேயே வைத்திருந்தான்.

"ஒரு வார்த்தம்மா" என்றான். "இங்கன்னு சொல்ல ஒரு வார்த்த."

பச்சையம்மா அவனைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பஞ்சத்துல எங்கம்மா எல்லாத்தையும் வித்துட்டா. பானைய கூட வித்தா. அப்பறமும் நான் புள்ள பெக்க வருவேன்னு பத்தியச் சோத்துக்கு ஒரே ஒரு கோழி வெச்சிகினு இருந்தா. அவ பட்டினி கெடந்தா, கோழிக்குப் போட்டா. எனுக்கு அவ செஞ்சது அது ஒண்ணுதான். அடுத்த வருசம் செத்துட்டா. அத்த இல்லன்னு, அவ செய்யலன்னு, நாலு பேரு முன்னாடி எப்பிடிடா சொல்லுவேன்?"

"நான் நெனச்சிகினுதான் வந்தேன்" என்றாள் கொஞ்சம் கழித்து. "இங்கன்னு சொல்லணும்னுதான் வந்தேன். வாயத் தெறந்தா அது வருது."

ஏழுமலை எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தான். அவள் குடித்தாள். யாரும் அழவில்லை. ரயில் வந்தது.

பெங்களூரிலிருந்து கச்சேரிக்குப் பதில் வந்ததை ரங்கப்பா படித்துச் சொன்னார். கிடையாது. அவ்வளவுதான். அதில் திட்டு ஒன்றும் இல்லை.

ஏழுமலை அசே ரூமில் வேலைக்குச் சேர்ந்தான். சுரங்கத்திலிருந்து வருகிற கல்லில் கொஞ்சம் எடுத்து இடித்து உருக்கி, அதில் தங்கம் எவ்வளவு என்று பார்க்கிற இடம். இவன் இடிக்கிறவன். காலையில் போவான், சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூளோடு வருவான். அதற்கப்புறம் ஜேபியில் கல் விழவில்லை. தாயும் மகனும் பேசவில்லை என்று சொல்ல முடியாது. "சோறு போடட்டா?" "போடு." "கொழம்பு?" "போதும்." அந்தப் பேச்சு நடந்தது. அதுவே வருஷக்கணக்கில் நடந்தது. பக்கத்தில் இருந்து கேட்டால் நல்ல குடும்பம் என்று தோன்றும்.

நானும் நடுவில் எதுவும் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டு வந்தால் காதுக்குள் மணியே அடித்துக்கொண்டிருக்கும். அதற்குமேல் ஒரு சத்தமும் வேண்டியிருக்கவில்லை.

6

அலமேலுவை உங்கள் பக்கமிருந்துதான் எடுத்தோம். நல்ல பெண். வந்த புதிதில் எங்கள் பேச்சு அவளுக்குப் புரியவில்லை. ஏழுமலை சாப்பிட்டு முடித்து "ஆயித்து" என்று கன்னடத்தில் சொல்வான். முடிந்தது என்று அர்த்தம். அவள் இன்னும் கொஞ்சம் சோறு கொண்டுவருவாள். அவன் காசு எண்ணினால் இங்கிலீஷில் எண்ணுவான், திட்டினால் தெலுங்கில் திட்டுவான். "இவரு தூக்கத்துல எதுல பேசறாருன்னே தெரியல அத்த" என்று பச்சையம்மாவிடம் சொன்னாள். "தூக்கத்துலயாவது பேசறானே" என்றாள் பச்சையம்மா.

ஏழாம் மாசம் வந்தது. அலமேலுவைப் பெற்ற கன்னியம்மா வளையலும் சித்திரான்னமும் எடுத்துக்கொண்டு ஊரிலிருந்து வந்தாள். வளைகாப்பு நடந்தது. லைன் பெண்கள் எல்லோரும் வந்து நலங்கு வைத்தார்கள். மத்தியானம் கன்னியம்மா பெண்ணின் துணிமணியை மூட்டை கட்டினாள்.

"கெளப்புங்க அண்ணி. ரயிலு நமக்காக நிக்காது."

"அலமேலு வரல" என்றாள் பச்சையம்மா.

"வரலன்னா?"

"கொழந்த இங்கதான் பொறக்கணும்."

கன்னியம்மா மூட்டையைக் கீழே வைத்தாள். "ஏன், எங்க வூட்டுக்குக் கூரை இல்லியா? எம் பொண்ணு இன்னா நாதியத்தவளா, மாமியா வூட்ல புள்ள பெக்க? ஊர்ல இன்னா சொல்லுவாங்க? கன்னியம்மாவுக்குக் கஞ்சி ஊத்த வக்கில்ல, மருந்து எடிக்கக் கையில்லன்னு சொல்லுவாங்க. அண்ணா, நீங்க சொல்லுங்க."

அண்ணா என்றது என்னை. நான் என்ன சொல்ல? பச்சையம்மாவின் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரியும். ஏழுமலை வாசலுக்கு வெளியே நின்றிருந்தான். உள்ளே வரவில்லை.

"ஒன்ன கொற சொல்லல கன்னிம்மா" என்றாள் பச்சையம்மா. "எம்புள்ளய ஒருத்தன் கேட்டான், நீ எந்த மண்ணுல பொறந்தேன்னு. அதுக்கு நான் சொன்ன பதிலுல அவன் இன்னிக்கு வரைக்கும் கல்லு எடிச்சிகினு கீறான். இந்தக் கொழந்தைய யாரும் அப்பிடிக் கேக்கக் கூடாது. கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது. தாய்வூட்லதான் பொறக்கணும். ஆனா இந்த மண்ணுல பொறக்கணும்."

"அது எப்பிடி ரெண்டும் ஆவும்?"

பச்சையம்மா இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கன்னியம்மாவின் கையில் வைத்தாள்.

"இந்தா. இன்னியிலேர்ந்து இது ஒன் வூடு. அடுப்பு ஒன்னுது, அரிசிப் பானை ஒன்னுது. நீ இங்க இருந்து ஒம் பொண்ணுக்குச் செய்யி. நாங்க நரசம்மா வூட்டுக்குப் போறோம். கொழந்த பொறந்து நீயா வந்து என்ன அழைக்கிற வரைக்கும் இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். மாமியாக்காரி எப்பிடி சம்மந்தி வூட்டுக்கு வருவாளோ அப்பிடித்தான் வருவேன்."

கன்னியம்மா சாவியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "இம்மாம் பெரிய வூட்ட குடுத்துட்டியே" என்றாள். எங்கள் வீடு ஒரே அறை. அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நரசம்மா கொறட்ட வுடுவா. பரவால்ல, பொறுத்துக்கறேன்" என்றாள் பச்சையம்மா.

"யாருடி கொறட்ட வுடறது?" என்று கூட்டத்திலிருந்து நரசம்மா கத்தினாள். "எடம் குடுத்தவளையே கொற சொல்றா பாரு!"

ஏழுமலை அப்போதுதான் உள்ளே வந்தான். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "அம்மா, ஒம் பாய நான் எடுத்தாறேன்" என்றான். சோறு, குழம்பு இல்லாமல் அவன் அவளிடம் பேசின முதல் பேச்சு அது. பச்சையம்மா, "தலகாணியும் எடு" என்றாள்.

7

அந்த நாட்களை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. நான் வேலை முடிந்து என் வீட்டு வாசலில் நின்று கனைப்பேன். கன்னியம்மா, "வாங்க அண்ணா, உக்காருங்க, மோரு குடிக்கிறீங்களா?" என்பாள். என் முக்காலியிலேயே நான் விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்வேன். ஏழுமலைக்கு மாப்பிள்ளை மரியாதை. அவன் சாப்பிடுகிற தட்டை ஒளித்து வைத்துவிட்டு இலை போட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டான். "ஆயித்து" என்று சொல்லாமல் "போதும் அத்த" என்றான்.

பச்சையம்மா குழாய்க்குப் போக அந்த வழியாகத்தான் போகவேண்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போவாள். திரும்பி வந்து என்னைக் கேட்பாள், "அலமேலுக்குக் கால் வீங்கிகீதா? மொகம் வெளுத்திருக்குதா?" நான் சரியாகப் பார்க்கவில்லை என்றால் திட்டு. மறுபடியும் போய்க் கனைக்க வேண்டும்.

பகல் ஷிப்டு முடிந்து ஊதல் ஊதுகிற நேரத்தில் குழந்தை பிறந்தது. நரசம்மாதான் எடுத்தாள். கன்னியம்மா கையைத் துடைத்துக்கொண்டு, எதிர்வரிசையில் இருக்கிற நரசம்மா வீட்டு வாசலுக்கு வந்து முறையாக நின்றாள்.

"அண்ணி, எங்க வூட்டுக்கு வாங்க. பேத்தி பொறந்துகீறா."

பச்சையம்மா முகம் கழுவிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, தட்டில் சர்க்கரை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள். உள்ளே நரசம்மா, "இத்தினி ஆட்டம் ஆடினீங்களே, பொட்டப்புள்ள. காலேஜிக்கு இவளா போவப் போறா?" என்றாள். அலமேலு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பச்சையம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஏழுமல" என்றாள். "அந்தத் தர்மத்துல பொட்டப்புள்ளைக்குக் கெடையாதுன்னு போட்டுகீதா?"

அவன் வாசலில் நின்றான். மேலெல்லாம் வெள்ளைத் தூள். நிறைய நேரம் யோசித்தான். அத்தனை வருஷம் அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை. ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு வரியும் அவனுக்கு ஞாபகம் இருந்தது என்று அப்போது தெரிந்தது.

"குடுக்கலாம்னும் இல்ல, கூடாதுன்னும் இல்லம்மா" என்றான்.

"அப்ப கேக்கணும்."

"இப்பவேவா? கொழந்தைக்குக் கழுத்தே நிக்கலியே."

"கேட்டு வெச்சா அது பாட்டுக்கு நிக்கும்."

ஆகவே நம் சனங்களுக்குத் தெரிவிப்பது: என் மருமகள் அலமேலுவின் முதல் பிரசவம் முறைப்படி அவள் தாய்வீட்டில்தான் நடந்தது. பத்தியச் சோறு, மருந்து, முதல் தண்ணீர் எல்லாம் பெற்றவள் கையால்தான். அந்தத் தாய்வீடு சாம்பியன் ரீப்ஸில் இருந்தது. சிரித்தவர்கள் அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

8

போன வாரம் பங்காருபேட்டைக்குப் போனோம். நான், பச்சையம்மா, ஏழுமலை, துணியில் சுற்றின குழந்தை. பால் கொடுத்துவிட்டு அலமேலு கன்னியம்மாவோடு வீட்டில் இருந்தாள். அடுத்த பாலுக்குள் திரும்பிவிடுகிற தூரம்தான். ஏழுமலை ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தான். கூப்பிடவில்லை, அவனே வந்தான். ரயிலில் குழந்தையை அவன் மடியில்தான் வைத்திருந்தான்.

பழைய அமல்தார் மாற்றலாகிப் போய்விட்டார். ரங்கப்பா அதே புங்கமரத்தடியில் இருந்தார். கண்ணாடி போட்டிருக்கிறார். எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அடையாளம் தெரிந்தது. நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் துணியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தார்.

"பையனா?"

"பொண்ணு" என்றேன்.

"பொண்ணா?" மூக்கைச் சொறிந்தார். "பொண்ணுக்கு உண்டான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லே. கேட்டாத்தானே அவா யோசிப்பா. கேட்டு எழுதட்டுமா?"

"எழுதுங்க" என்றான் ஏழுமலை.

ரங்கப்பா காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு பேனாவைத் தொட்டு எடுத்தார். பேர் எழுதினார், தகப்பன் பேர் எழுதினார். பிறகு பழக்கத்தில், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கொழந்தே எங்க பொறந்தது?"

"தாய்வூட்ல" என்றாள் பச்சையம்மா.

ரங்கப்பாவின் பேனா நின்றுவிட்டது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சாம்பியன் ரீப்ஸ்ல, எங்க லைன்ல" என்றாள் பச்சையம்மா. "எழுதுய்யா."